தண்ணிக்கு ரெண்டு விரல்

வேகநடைப் போட்டியை முதல் தடவை பார்க்கிற எல்லோருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. கிருஷ்ணகிரி ஸ்டேடியத்தில் மாவட்டப் போட்டி. நான் அப்போது பத்தாவது. மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் எட்டாவதாக வந்து, புல்லில் கால் நீட்டிக் கிடந்தேன். டிராக்கில் ஆறு பெண்கள் இடுப்பை வெட்டி வெட்டி நடந்துகொண்டிருந்தார்கள். "என்னாடி இது, எல்லாத்துக்கும் பாத்ரூம் அவசரமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். மெதுவாகப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த ஒல்லிப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. அடுத்த சுற்றில் என்னைத் தாண்டும்போது, முகத்தைக் கூடத் திருப்பாமல், "ஆமா, நீயும் வரியா?" என்றாள்.

வாயும் பேசி முதல் பரிசும் வாங்கினாள். திரும்பும்போது ஓசூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் அவளுக்கு. குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் வாங்கி, பாதியை உடைத்து என் மடியில் வைத்தாள். சூளகிரி வருவதற்குள் நாங்கள் தோழிகள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவள் இப்போது அயர்லாந்துக்காக நடக்கிறாள். பச்சை பனியன். அவள் இந்தியாவுக்காக நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடையைப் பற்றிக் கொஞ்சம். இரண்டே விதி. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. இதைச் செய்துகொண்டே நீங்களும் நானும் ஓடுகிற வேகத்தில் போக வேண்டும். நம்பிக்கை இல்லை என்றால் வீட்டு மாடியில் யாரும் பார்க்காதபோது பத்து அடி நடந்து பாருங்கள். மறுநாள் இடுப்பு வலி எனக்கு நன்றி சொல்லும்.

அவள் வீடு தளி ரோட்டில். அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா டிரைவிங் கற்று, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினார். வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. என் வீடு ஓசூரில், சிப்காட் போகிற ரோட்டின் மேலேயே. காலையில் அவள் அப்பா ஷெட்டுக்கு வண்டி எடுக்கப் போகும்போது டிவிஎஸ்ஸில் அவளைக் கூட்டிவந்து எங்கள் கேட்டில் இறக்கிவிடுவார். ஐந்தேகால் மணி. முதல் ஷிப்ட்டுக்கு ஆள் வருகிறவரை சிப்காட் ரோடு காலி. அவள் நடப்பாள், நான் பின்னால் சைக்கிளில் வருவேன். கூடையில் தண்ணீர் பாக்கெட். நானும் கொஞ்ச நாள் நடந்து பார்த்தேன். என் முட்டி கேட்கவில்லை. வாய் மட்டும் வேலை செய்கிற ஆளுக்கு சைக்கிள் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ரோட்டில் பெண் பிள்ளை இடுப்பை ஆட்டி நடந்தால் சும்மா விடுவார்களா? லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, "ஏனம்மா, எல்லிகே ஹோக்தீயா?" என்று கன்னடத்தில் இழுப்பார்கள். "உங்க வீட்டுக்குத்தான், பொண்டாட்டிகிட்ட டீ போடச் சொல்லு" என்று நான் தமிழில் கத்துவேன். அவள் வாயைத் திறக்க மாட்டாள். நடக்கும்போது பேசினால் மூச்சு தப்பும் என்பாள். ஐந்தரைக்கு அவள் அப்பாவின் பஸ் வரும். எங்களைத் தாண்டும்போது இரண்டு ஹாரன், குட்டியாக. பீப் பீப். ஜன்னலில் பாதித் தூக்கத்தில் இருக்கிற ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். "டிரைவரண்ணன் பொண்ணு போகுது பாரு" என்று யாராவது சொல்வது காதில் விழும். அவளுக்கு வேகம் கொஞ்சம் கூடும்.

பேச மாட்டாள் அல்லவா, அதனால் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு சைகை. இடது கை பின்னால் போகும்போது இரண்டு விரலை மட்டும் நீட்டுவாள். நான் நாலு மிதி மிதித்துப் பக்கத்தில் போய், பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து அவள் கையில் வைப்பேன். டீக்கடை முன்னால், பால் பூத் முன்னால், ஸ்பீட் பிரேக்கர் மேலே, எங்கே விரல் நீள்கிறதோ அங்கே. நாலு வருடம். மழை நாள் தவிர எல்லா நாளும். கடைசியில் விரலைப் பார்த்துத்தான் கொடுத்தேனா, பார்க்காமலே கொடுத்தேனா என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது முடித்து நான் ஓசூரிலேயே பி.எஸ்ஸி. கணக்கு சேர்ந்தேன். அவள் அத்திப்பள்ளி தாண்டி ஒரு நர்சிங் காலேஜில் சேர்ந்தாள். காலேஜ் கர்நாடகாவில் இருப்பதால் போட்டிகளிலும் கர்நாடகாவுக்கு மாறிவிட்டாள். எங்கள் டீக்கடைக்காரர் விடவில்லை.

"ஏம்மா, செக்போஸ்ட் தாண்டினதும் கட்சி மாறிட்டியா?"

"அங்க ஷூ தராங்கண்ணா."

"நாளைக்கு எவனாவது சாக்ஸ் தரன்னா அங்கேயும் போயிருவ."

"சாக்ஸ்னா எந்த கம்பெனின்னு கேட்டுட்டுப் போறன்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வேறு மாநிலம் வந்துவிடுகிற ஊரில் பிறந்தவளுக்கு எல்லைக்கோடு என்பது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற ஒரு பாலம்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு அந்த வாய்ப்பு வந்தது. இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கான இந்திய அணித் தேர்வு. வடக்கே ஒரு ஊரில், பத்து கிலோமீட்டர், முதல் இரண்டு பேர் வெளிநாடு போவார்கள். அவள் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ கூடப் போனாதான் அனுப்பறன். நீ வாயாடி. உன்கூட இருந்தா எவனும் கிட்ட வர மாட்டான்." இரண்டு நாள் ரயில். புளிசாதம், முறுக்கு, ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். அவள் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு காற்றில் காலை நீட்டி முட்டியைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள்.

போட்டி ஒரு நீளமான ரோட்டில். போய்த் திரும்பினால் ஒரு சுற்று. தண்ணீருக்கு ஒரே ஒரு மேஜை. அங்கே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். வேறு இடத்தில் யாராவது கையில் கொடுத்து வாங்கினால் முதல் தடவை மஞ்சள் அட்டை காட்டி எச்சரிக்கை, இரண்டாவது தடவை ஆட்டத்திலிருந்து வெளியே. இந்த விதி எனக்குத் தெரியுமா? யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் போன மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எதிலும் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. கோச்சுகளே பாட்டிலோடு கூட ஓடுவார்கள். காதில் வாங்கியது மண்டையில் நிற்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. மூன்றாவது சுற்றில் அவள் நான் நின்ற இடத்துக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. என் கை நீண்டது. அவள் பாட்டிலை வாங்கி, ஒரு வாய் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் ஒரு நடுவர் அவளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். முட்டி மடங்கியதால் என்று நினைத்தேன். முட்டிக்கு மஞ்சள் காட்டுவது எங்களுக்குப் பழக்கமானது. "முட்டிடி, முட்டி! முட்டியப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த சுற்றில் அவள் இன்னும் வாடிப்போய் வந்தாள். மறுபடியும் என் கை நீண்டது. மறுபடியும் வாங்கினாள்.

இரண்டாவதாக முடித்தாள். நான் அழுதேன், கத்தினேன், தெரியாத ஒரு பஞ்சாபிக்கார அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அதோடு நின்றிருக்கலாம். உடனே போனை எடுத்து ஊருக்கு அடித்தேன். எங்கள் தெருப் பையன்களிடம், "டேய், செலக்ட் ஆயிட்டாடா! பஸ் ஸ்டாப்ல பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சுருங்கடா!" என்றேன். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்கக் காரணம் கிடைத்தால் பையன்கள் சாப்பிடக்கூட மாட்டார்கள். காதுகுத்துக்கே இருபது அடியில் வைக்கிறவர்கள்.

நாலு மணி நேரம் கழித்து முடிவை எழுதி போர்டில் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு நேரே கர்நாடகா என்று இருந்தது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் டி.க்யூ. என்று இரண்டு எழுத்து. தகுதி நீக்கம். மூன்றாவதாக வந்த பெண்ணின் கோச், நான் இரண்டாவது தடவை பாட்டில் கொடுத்ததை போனில் வீடியோ எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நான் அந்தத் தாளை போர்டிலிருந்து பிய்த்து, மடித்து, சுடிதாருக்குள் சொருகிக்கொண்டேன். கிழித்தெடுத்தால் முடிவு மாறிவிடும் என்று நினைத்தேன் போல.

ஊருக்கு போன் செய்தேன். "டேய், ஃப்ளெக்ஸ் அடிக்காதீங்கடா."

"அக்கா, மாட்டியே ஆச்சு. வந்து பாருங்க, செமையா இருக்குது."

ரயிலில் இரண்டு நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயாடி என்று பெயர் வாங்கியவள், 'என்னாலதான்டி' என்ற ஒரு வார்த்தையை நாக்கு வரைக்கும்கூடக் கொண்டுவர முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓசூரில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், இருபது அடி ஃப்ளெக்ஸ். நடுவில் அவள் முகம். "இந்தியாவுக்காக நடக்கப்போகும் எங்கள் தளி ரோட்டுத் தங்கமே, வருக வருக!" கீழே தெருப் பையன்கள் நாற்பது பேரின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், பாதிப் பேர் கூலிங் கிளாஸில். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்கு நல்லா வந்திருக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் அப்பா ஏணி கொண்டுவந்து தானே ஏறி அவிழ்த்தார். யாரையும் தொடவிடவில்லை. பையன்கள் கீழே நின்றார்கள். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவள் கேட்டில் வந்து நின்று கூப்பிட்டாள். எனக்குக் காய்ச்சல் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் பரீட்சை. அப்புறம் சைக்கிள் பஞ்சர். இப்படியே ஒரு மாதம். பிறகு அவள் தனியாக நடந்தாள், இடுப்பில் பாட்டில் பெல்ட் கட்டிக்கொண்டு. ஐந்தரைக்குப் படுக்கையில் இருந்தபடியே எனக்கு அந்த இரண்டு ஹாரன் கேட்கும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். அவள் முகத்தைப் பார்த்தால், நான் கெடுத்தது அங்கே எழுதியிருக்கும் என்று பயம். எங்காவது பார்த்தால் பேசுவோம். "எப்படிடி இருக்க?" "இருக்கன்டி." அந்த மாதிரி.

அவள் நர்சிங் முடித்தாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வருடம். பிறகு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மெசேஜ் அனுப்பினாள். "நாளைக்குக் காலைல ஏர்போர்ட் போறன். உங்க வீட்டு வழியாத்தான் வரோம். அப்பா வண்டி ஓட்டறாரு. கேட்ல நில்லுடி." நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவர் ஒரு நண்பரின் காரை எடுத்து வந்தார். எங்கள் கேட் முன்னால் இரண்டு ஹாரன். பீப் பீப். நான் எழுந்து, தலை வாரி, செருப்புப் போட்டு, கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். தாழ்ப்பாளில் கை இருந்தது. இன்னொரு தடவை அடித்தார். பீப் பீப். பிறகு கார் கிளம்பிய சத்தம். கையை எடுத்தேன். கைரேகையில் துரு ஒட்டியிருந்தது.

அயர்லாந்தில் அவள் மறுபடியும் நடக்கிறாள் என்று அவள் ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டியூட்டி முடித்துக் கடலோரத்தில் நடப்பாள். மழை, காற்று, மேலே சாம்பல் நிற வானம். ஒரு கிளப்பில் சேர்ந்தாள். ஜெயித்தாள். லைக் போட்டேன். இதயம் போட்டேன். இதற்கெல்லாம் எனக்குக் கை கூசவே இல்லை. போன வருடம், நான் டெஸ்பாட்ச் ஆபீசில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், போன் வந்தது. அவள் குரல்.

"ஏய், நான்தான்டி. பிஸியா?"

"இல்ல, சொல்லு." லாரி ஒன்று வெளியே கத்திக்கொண்டிருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ரிசல்ட் பேப்பர் இருக்குதா? நீ போர்டுல இருந்து பிச்சியே, அது."

அவள் பார்த்திருக்கிறாள். நான் சுடிதாருக்குள் சொருகியதை அவள் பார்த்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அணியில் எடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஆடியிருந்தால், நாடு மாறிய பிறகு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அவள் ஆடியதில்லை. ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஏஜென்ட் வீட்டுக்கு வந்திருக்கிறான். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறான். அவள் விவரக் குறிப்பில் 'இந்தியாவுக்காக விளையாடியவர்' என்று தானே ஒரு வரி சேர்த்துவிட்டான். அதையே அந்த ஊர்க் கிளப் எடுத்து வெப்சைட்டில் போட்டிருக்கிறது. இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

"இந்தியா ஃபெடரேஷன்கிட்ட லெட்டர் கேட்டிருக்கன், எப்ப வரும்னு தெரியல. அதுவரைக்கும் அந்தப் பேப்பர காட்டலாம்னு சொல்றாங்க. நான் செலக்ட் ஆவலன்னு ப்ரூஃப். எனக்கு இருபத்தொம்போது ஆவுதுடி. இன்னும் மூணு வருஷம்னா அவ்ளோதான்."

ஒரு கூத்தைப் பாருங்கள். நான் அவசரப்பட்டு அடித்த ஃப்ளெக்ஸ் அவளைத் தடுக்கிறது. நான் அவளை வெளியே அனுப்பியதற்கான தாள் அவளைக் காப்பாற்றப்போகிறது. இரண்டும் என் வேலை.

"இருக்குது" என்றேன். பத்து வருடம் என் டிகிரி சர்டிபிகேட் கவரில், அதற்குப் பின்னால், நாலாக மடித்து.

"உன் பாஸ்போர்ட்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டன்டி. மூலைய வெட்டி எங்கிட்டயே குடுத்துட்டாங்க. போட்டோவுல நான் உன் சுடிதார் போட்டிருக்கன், ஞாபகம் இருக்குதா?"

நான் அப்போதுதான் சொன்னேன். பத்து வருடம் லேட். "என்னாலதான்டி போச்சு. நான் அந்த பாட்டில நீட்டாம இருந்திருந்தா."

அவள் சிரித்தாள். "லூசா நீ? நான்தானே ரெண்டு விரலக் காட்டினன்."

"இல்ல. நீ காட்டல."

"காட்டினன்டி. ரெண்டு தடவையும். மேஜை அந்தக் கோடியில இருந்துச்சு. செம தாகம். உன்னப் பாத்ததும் கை தானா போச்சு."

"நானா நீட்டினன். எனக்குத் தெரியும்."

"சரி, நீயே வெச்சுக்கோ" என்றாள். குரல் மாறிவிட்டது. "அதுக்கா பேசாம இருந்த? நான் என்னமோ, நான் தோத்துட்டன்னு நீ கழட்டி விட்டுட்டன்னு நெனச்சன்."

லைனில் யாரோ அவளை இங்கிலீஷில் கூப்பிட்டார்கள். வார்டில் இருந்தாள் போல. "டியூட்டிடி. பேப்பர அனுப்பு" என்று வைத்துவிட்டாள்.

அன்றே தாளை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னதை நான் நம்பவில்லை. பாவம் பார்த்துச் சொல்கிறாள், என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாள் என்றே நினைத்தேன். விரல் நீண்டது என் ஞாபகத்தில் எங்கேயும் இல்லை. என் கைதான் இருந்தது.

கடிதமும் வந்து சேர்ந்தது. அவளை எடுத்துவிட்டார்கள். முதல் பெரிய போட்டி, பல நாடுகள், இருபது கிலோமீட்டர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே மத்தியானம் இரண்டு மணி. போனில் நேரலை உண்டு. "அப்பாவுக்கு அதெல்லாம் போடத் தெரியாது. நீ போய்க் காட்டறியா?" என்று அவள் கேட்டாள்.

பத்து வருடத்தில் முதல் தடவையாக அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் அம்மா இறந்து ரொம்ப காலம் ஆகிறது. அவர் மட்டும் இருக்கிறார், ரிட்டயர் ஆகிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில், சூடு இறங்காமல் இருக்க, அந்த ஃப்ளெக்ஸைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். எழுத்துப் பக்கம் கீழே பார்க்க. கட்டிலுக்கு நேர் மேலே பத்தொன்பது வயது அவள். ஓரத்தில் கூலிங் கிளாஸ் பையன்கள். வெயில் படாததால் நிறம் அதிகம் போகவில்லை. ஏஜென்ட் இதைத்தான் பார்த்திருக்கிறான்.

"உக்காரும்மா. காபி போடறன்" என்றார். போட்டார். சர்க்கரை அதிகம்.

போட்டி ஆரம்பித்தது. போனை தம்ளரில் சாய்த்து வைத்தேன். ஐம்பது அறுபது பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எது நம்ம பொண்ணு?"

"அதோ, பச்சை பனியன், மூணாவது வரிசை."

"அந்த நீலப் பனியன் பொண்ணு நம்மூரு மாதிரி இருக்குது?"

"ஆமாப்பா. அது இந்தியா."

"அப்ப நாம யாருக்குக் கை தட்டறது?"

"ரெண்டு பேருக்கும் தட்டலாம்பா."

"ஒரே போட்டியில ரெண்டு பேருக்கு எப்படிம்மா தட்டறது?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நீலப் பனியன் முன்னால் போனபோது அவர் கை லேசாக எழுந்து மடியிலேயே இறங்கிவிட்டது.

கேமரா முன்னால் போகிறவர்களைத்தான் காட்டும். எங்கள் ஆள் எப்போதாவது ஓரத்தில் தெரிவாள். பதினைந்தாவது கிலோமீட்டருக்கு மேல் முதலில் போகிறவர்கள் பின்தங்கியவர்களைச் சுற்றில் எட்டிப் பிடித்தார்கள். அப்போது அவள் திரை முழுக்க வந்தாள். பின்பக்கம் இருந்து காட்டினார்கள். நான் நாலு வருடம் சைக்கிளில் பார்த்த அதே முதுகு. கொஞ்சம் அகலமாகியிருந்தது. வலது தோள் இன்னும் அதே மாதிரி தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. தண்ணீர் மேஜையைத் தாண்டி ரொம்ப தூரம் வந்திருந்தாள். ரோட்டோரத்தில் தடுப்புக்குப் பின்னால் கொடிகளோடு யார் யாரோ.

இடது கை பின்னால் போனது. இரண்டு விரல் நீண்டது.

ஒரு நொடிதான். அடுத்த வீச்சில் விரல்கள் மடங்கிவிட்டன. அவளுக்கே தெரிந்திருக்காது. பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கேமரா முன்னால் போய்விட்டது.

அப்போதுதான் நம்பினேன். அன்றைக்கும் நீண்டிருக்கும். நான் பார்க்காமலே கொடுத்திருக்கிறேன், எல்லா நாளும் கொடுத்த மாதிரி. அவள் பொய் சொல்லவில்லை. இதற்கு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பத்து வருட பாரம் இறங்குகிறது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு இறங்கவில்லை. பாட்டில் நீட்டியது ஒரு குற்றமே இல்லை என்றால், மிச்சம் இருப்பது அதற்குப் பிறகு நான் செய்தது மட்டும்தான். காய்ச்சல் என்று சொன்னது. சைக்கிள் பஞ்சர் என்று சொன்னது. போர்வையை இழுத்துக்கொண்டது. அது எதையும் அவள் விரல் காட்டிக் கேட்கவில்லை.

அவள் நாற்பத்தொன்றாவதாக வந்தாள். இந்தியப் பெண் இருபத்தெட்டாவது. கோட்டைத் தாண்டியதும் அவள் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள், பச்சைப் பனியன் போட்ட யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுப்பா. நல்லா நடந்தா."

"தண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

அவர் எழுந்து தம்ளரை எடுத்தார். அண்ணாந்து பார்த்தார். ஃப்ளெக்ஸின் ஒரு மூலையில் கயிறு தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். "இந்த முனையப் பிடிச்சுக்கம்மா" என்றார். நான் கட்டிலில் ஏறி நின்று பிடித்தேன். இருபது அடி தள்ளிப் பார்க்கவென்று அடித்த முகம், கிட்டத்தில் வெறும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி, கயிற்றை ஆணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அவ ஏர்போர்ட் போன அன்னிக்கு உங்க கேட்டுல ஹாரன் அடிச்சன். ரெண்டு தடவ அடிச்சன்."

"ஆமாப்பா."

"உனக்குக் கேக்கலையாம்மா?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வராத பொய்யா?

"கேட்டுச்சுப்பா" என்றேன்.

கயிறு சுற்றிய கை நின்றது. அவர் திரும்பவில்லை. பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

"அவ கேட்டா, ஏன்பா அவ வரலன்னு. தூங்கிட்டு இருப்பாம்மா, நைட்டு ரொம்ப நேரம் முழிச்சிருந்திருப்பான்னு சொன்னன்" என்றார். "நீ விட்டுராத, இன்னும் ஒரு முடிச்சு இருக்குது."